செவ்வாய்க்கிழமைச் சாம்பிள்

பிப்ரவரி 10, செவ்வாய்

வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்க, சங்கரபாண்டி ஐயா. அப்புறம் ஏன் இந்தப் புண் ஆற மாட்டேங்குது?"

"அத நீங்கதாம்மா சொல்லணும்" என்றேன், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

விஷயம் ரொம்ப எளிது. வாராவாரம் செவ்வாய்க்கிழமைதான் ரத்தம் எடுக்கிறார்கள். ஞாயிறு மதியத்தோடு நான் சோற்றை நிறுத்திவிடுகிறேன். திங்கள் முழுக்க மோர்தான்; வீட்டில் கேட்டால் வயிறு மந்தம் என்பேன். மாத்திரையை மட்டும் விடுவதில்லை. செவ்வாய் காலையில் எவன் ரத்தம் எடுத்தாலும் அது தங்கம் மாதிரி இருக்கும். இத்தனை வருஷம் பருப்பு வியாபாரம் பார்க்கிறேன். வாங்க வருகிறவனுக்குக் கெட்ட மூட்டையை முதலில் காட்டுகிற மடையன் விருதுநகரில் எவனும் இல்லை. கையளவு சாம்பிள் சுத்தமாக இருக்க வேண்டும், விலை படிந்துவிடும். டாக்டருக்கும் அதே சாம்பிள்தான்.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரி பொன்னுத்தாய் கடைக்குக் கொடுத்துவிடும் தூக்குவாளி லோடுமேன் முனியாண்டிக்குப் போய்விடும். கறிவேப்பிலைகூட மிச்சம் வைக்காமல் தின்று, கழுவித் துடைத்துத் தந்துவிடுவான். வீட்டில் ஒருத்திக்கும் சந்தேகம் வராது.

ஏன் இந்தப் பாடு என்றால், என் மூத்தவர் தர்மராஜ் அண்ணனுக்கும் இதே சர்க்கரை, இதே காலில் புண். டாக்டர் இன்சுலின் ஊசியை ஆரம்பித்தார். அடுத்த வருஷம் முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. அதற்கடுத்து கடை இல்லை. அதற்கடுத்து அவரே இல்லை. இந்த டாக்டரம்மாவும் முதல் நாளே சொல்லிவிட்டார், "கன்ட்ரோல்ல இல்லேன்னா ஊசிக்குப் போயிரணும்" என்று. ஊசி வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. வந்தால் பின்னாலேயே ரம்பம் வரும்.

பிப்ரவரி 13, வெள்ளி

கல்புர்கியிலிருந்து துவரை லோடு வந்தது. லாரியின் வாய்ப்பக்கம் மூட்டைகள் மணி மணியாக இருந்தன. எனக்குப் பிடிக்கவில்லை. அடியில் கிடந்த மூட்டையில் குத்தூசியை இறக்கினேன். மூட்டையைப் பிரிக்காமலே நடுவயிற்றில் கிடக்கும் பருப்பை இழுத்து வரும் குழல் கம்பி அது. இழுத்துக் கையில் தட்டினால் பாதி வண்டு. புரோக்கரைப் போனில் பிடித்துக் கிழித்துவிட்டேன். "மேல ஒண்ணு உள்ள ஒண்ணு வச்சு யாரை ஏமாத்தப் பாக்குற? இந்தக் கம்பி எத்தனை வயித்தப் பாத்திருக்கும் தெரியுமா?" லோடு திரும்பிப் போயிற்று.

சைக்கிளில் பட்டாணி விற்றுத் தொடங்கியவன் நான். எனக்கு யாரும் கடை வைத்துத் தரவில்லை. கொடுத்துவிட்டுப் போகவும் யாரும் இல்லை. ஒரே மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இரண்டு காலும் இருந்தால்தான் இந்தக் கோடவுன்.

கால் விஷயத்தை எழுதி வைக்கிறேன். கார்த்திகையில் கோடவுனில் வெறுங்காலோடு நடந்தபோது கோணி ஊசி ஏறியிருக்கிறது, வலது பெருவிரலுக்கு அடியில். தைத்ததே தெரியாது. தரையில் சிவப்பாக ஒற்றைக் கால் தடம் வரிசையாகப் போவதைப் பார்த்து, "எவன்டா காலைக் கிழிச்சுக்கிட்டது?" என்று நானே லோடுமேன்களைச் சத்தம் போட்டேன். முனியாண்டிதான், "மொதலாளி, உங்க கால்" என்றான்.

சாயங்காலம் தவசிலிங்கம் அண்ணாச்சி வந்தார். எதிர்வரிசை எண்ணெய்க் கடைக்காரர். ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பத்தியம் சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது.

"பாண்டி, பருப்பு சேக்காத. முட்டை, மீனு ஒண்ணும் ஆகாது. எல்லாம் சீழ் வைக்கிற சாமான். ரசஞ்சோறு, வெள்ளைக் கஞ்சி, அவ்வளவுதான்."

"அதத்தான் அண்ணாச்சி மூணு மாசமா திங்கேன்."

"அதான் மெலிஞ்சு மாப்பிள்ளையாட்டம் இருக்க!"

மெலிந்தது உண்மைதான். வாட்ச் முழங்கை வரைக்கும் ஓடுகிறது. ஊருக்கெல்லாம் பருப்பு போடுகிறவன் வீட்டில் மூன்று மாதமாகப் பருப்பு வேகவில்லை. கருப்பட்டிக் காப்பி மட்டும் நாலு வேளை. கருப்பட்டி சர்க்கரையில் சேராது.

பிப்ரவரி 17, செவ்வாய்

112.

காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் கடையில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவனுக்குக் கை நடுங்கியது. சட்டை முழுக்க வேர்வை. தராசின் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு சரக்கைத் தடவிப் பார்ப்பது போல நடித்தேன். கொஞ்ச நேரத்தில் சரியாயிற்று. ஒருத்தனும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா இன்றைக்கு மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துப் புண்ணுக்குள் விட்டார். வெளியே பார்க்கப் புளியங்கொட்டை அளவுதான். கம்பி போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. உள்ளே எதிலோ இடித்து நின்றது. கரண்டி பாத்திரத்தில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், என் உடம்புக்குள்ளிருந்து.

"எலும்பு" என்றார்.

பொன்னுத்தாய் என் தோளைப் பிடித்தாள். அவளை உள்ளே விட்டதே தப்பு.

"சர்க்கரை நல்லா இருக்கு, மருந்து போகுது, கட்டு ஒழுங்கா மாத்துறோம். உடம்பு மட்டும் ஒத்துழைக்கல. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா விரலை எடுக்கிறதப் பத்திப் பேசணும்."

நானும் சர்க்கரை நன்றாக இருக்கிறதே என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 18, புதன்

கால் கட்டுத்துணியில் நாற்றம். பத்தி கொளுத்தி வைத்துக் கணக்குப் பார்த்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பொன்னுத்தாய் அதிசயமாக ஒன்றும் பேசவில்லை. பரிமாறும்போது என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, நல்லாச் சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டேன். மதியம்தானே, இன்னும் நேரம் இருந்தது.

பிப்ரவரி 24, செவ்வாய்

115. ஆனாலும் இன்றைக்கு எல்லாம் கோணலாகப் போயிற்று.

டாக்டரம்மா புதிதாக ஒரு பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். பெயர் நஸ்ரீன். சாப்பாட்டுக்குப் படித்த பெண்ணாம். சாப்பாட்டுக்கு ஒரு படிப்பா என்று நினைத்தேன்.

"ஐயா, என்ன வியாபாரம்?"

"பருப்பு. தொவரை, உளுந்து, பாசிப்பயறு. மொத்த வியாபாரம்."

"வீட்ல டெய்லி எவ்வளவு பருப்பு சேத்துக்குவீங்க?"

"சேக்கிறதில்ல. புண்ணுக்கு ஆகாதுல்ல."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க ஐயா. சதை வளக்கிற சரக்கை ஊருக்கெல்லாம் வித்துட்டு, குழி விழுந்த உங்க காலுக்கு மட்டும் ரசத்த ஊத்துறீங்களே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் பொன்னுத்தாய் முந்திக்கொண்டாள்.

"சாப்பாடு மட்டும் இல்லம்மா. இவுக செவ்வாக்கிழமை விரதம் வேற இருக்காக. காலுக்காக அம்மனுக்கு நேந்துக்கிட்டு. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல செவ்வா வரைக்கும் பச்சத் தண்ணிதான், மோருதான். வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லாம இருக்காக. நான் சொல்லிட்டேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். என் பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாம் செவ்வாய்.

"விரதமா ஐயா?"

"ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"மாத்திரையும் போட்டுக்கிட்டு விரதம்?"

"மருந்த விடக்கூடாதுன்னு நீங்கதான..."

அவர் வேறு ரத்தச் சோதனைக்கு எழுதினார். வெளியே வந்து பொன்னுத்தாயைத் திட்ட வாயெடுத்தேன். திட்டவில்லை. பாவம், நான் சாப்பிடாததைப் பார்த்து விரதம் என்று நினைத்திருக்கிறாள். மாரியம்மன் கோயில் பக்கமே வராதவன் என்று இத்தனை வருஷம் குறைப்பட்டவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். உண்மையை விட விரதம் கௌரவம்தான்.

பிப்ரவரி 25, புதன்

மூன்று மாதச் சர்க்கரை என்று ஒரு சோதனை இருக்கிறதாம். அன்றைக்குக் காலையில் தின்றாயா தின்னவில்லையா என்று அது கேட்பதே இல்லை. மூன்று மாதமாக உள்ளே என்ன கிடந்ததோ அதை இழுத்து வருகிறது. ஆறு ஏழு இருக்க வேண்டிய இடத்தில் எனக்குப் பத்தே முக்கால்.

ரத்தத்தில் புரதம் என்று இன்னொரு கணக்கு. அது பாதாளத்தில் கிடக்கிறது.

டாக்டரம்மா கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் தணிந்த குரலில் பேசினார்.

"புண்ணு மூடணும்னா புதுச் சதை வளரணும். புதுச் சதைக்குப் பருப்பு, முட்டை, மீன், பால் வேணும். நீங்க குடுக்கல. புண்ணுல வடியிற தண்ணியில இருக்கிற புரதமும் போச்சு. வாரத்துல ரெண்டு நாள் பட்டினி. பட்டினி கிடந்தா உடம்பு சொந்தச் சதையை எடுத்துத் தின்னும். உங்க தொடையைப் பிடிச்சுப் பாருங்க."

பிடித்துப் பார்த்தேன். காலி கோணி மாதிரி இருந்தது. மெலிந்தேன் மெலிந்தேன் என்று எல்லோரும் பாராட்டியது இதைத்தான்.

"மிச்ச நாள்ல கஞ்சி, கருப்பட்டிக் காப்பி. சர்க்கரை எகிறிக்கிட்டே இருந்திருக்கு. எனக்கு மட்டும் செவ்வாக்கிழமை நல்ல நம்பரைக் காட்டிருக்கீங்க. நானும் அத நம்பி மருந்தக் கூட்டாம விட்டுட்டேன். இன்னைக்கே இன்சுலின் ஆரம்பிக்கணும்."

"முடியாது" என்றேன்.

"ஏன்?"

"முடியாதுன்னா முடியாது. எங்க அண்ணன் கால் போனதே அந்த ஊசியிலதான்."

"ஊசி போட்டதால போகல ஐயா. லேட்டா போட்டதால போச்சு."

எழுந்து வந்துவிட்டேன். பஜார் முழுக்க வெயில். ஆட்டோவில் பொன்னுத்தாய் அந்தப் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

குளிர் காய்ச்சல். கணுக்கால் வரைக்கும் சிவந்து, தொட்டால் சுடுகிறது. பொன்னுத்தாய் என்னைக் கேட்கவில்லை. முனியாண்டியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் போட்டார்கள். மூட்டை தூக்குகிறவன் மூட்டையைத் தூக்குவது போலத்தான் தூக்கினான்.

மார்ச் 2, திங்கள்

பெருவிரல் போய்விட்டது.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

மார்ச் 4, புதன்

வயிற்றில் ஊசி போடுகிறார்கள். இத்தனை பயந்ததற்குக் கொசுக்கடி அளவுகூட இல்லை. அண்ணன் ஒரு வருஷம் தள்ளிப் போட்டுத்தான் இந்த ஊசிக்குப் போனார் என்பது எனக்குத் தெரியும். தள்ளிப்போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொன்னவர்களையும் தெரியும். சரி, அது இங்கே வேண்டாம்.

வெட்டின இடத்தைத் தைக்காமல் திறந்தே விட்டிருக்கிறார்கள். அடியிலிருந்து சதை வளர்ந்து மூட வேண்டுமாம். டாக்டரம்மா கணக்கைப் பட்டென்று சொல்லிவிட்டார். பங்குனி பிறந்து முதல் வாரத்தில் பார்ப்பார். சதை வளர ஆரம்பித்திருந்தால் பாதம் தப்பும். இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். அண்ணனுக்கு எடுத்த அதே இடம்.

நஸ்ரீன் வந்தாள். காலையில் இரண்டு முட்டை, மதியம் பருப்பும் மீனும், சாயங்காலம் சுண்டல், ராத்திரி பால், நடுவில் நெல்லிக்காய், கொய்யா. சோறு கைப்பிடிதான். கருப்பட்டிக் காப்பி நிறுத்தம்.

"கருப்பட்டி நாட்டுச் சாமான்தானம்மா?"

"நாட்டுச் சாமானா இருந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான் ஐயா."

லாரி லோடு இறக்குகிற மாதிரி சாப்பாட்டை இறக்கிக்கொண்டிருக்கிறேன். பசி இல்லை. வேலை என்று நினைத்துச் சாப்பிடுகிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. காலைக் கீழே ஊன்றக் கூடாது. கட்டிலிலிருந்தே கடையை நடத்துகிறேன். சாம்பிள்களைத் தட்டில் போட்டு முனியாண்டி கொண்டு வருகிறான்.

மதியம் பொன்னுத்தாய் எனக்குத் தட்டு வைத்தாள். பாறை மீன் குழம்பு, பாசிப்பருப்பு. அவளுக்கு வைக்கவில்லை. "நீ?" என்றேன். "பிறகு" என்றாள். பிறகும் அவள் தட்டு கவிழ்ந்தேதான் கிடந்தது. பங்குனிப் பொங்கல் வரப்போகிறது. பெண்களுக்கு ஆயிரம் விரதம்.

மார்ச் 15, ஞாயிறு

மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் சாட்டி, திருவிழாவை அறிவித்தாயிற்று. எங்கள் வீட்டு வழக்கம், சாட்டின நாளிலிருந்து பொங்கல் முடிகிறவரை வீட்டில் கவிச்சி புழங்காது. முட்டைகூட உள்ளே வராது.

"ஏ பொன்னு, டாக்டர் சொன்னதுல பாதி முட்டையும் மீனும்தான். இந்த ஒரு வருஷம்..."

"வீட்டுக்குள்ள ஆகாது."

"கால் போனா?"

அவள் பதில் சொல்லாமல் போனை எடுத்து நஸ்ரீனைக் கூப்பிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ரொம்ப நேரம் பேசினாள். திரும்பி வந்து, "முட்டை இல்லாட்டிப் பருப்பு ரெட்டிப்பு. தயிர், பால், நிலக்கடலை, தட்டப்பயறு, பன்னீர். வேளா வேளைக்குத் தாரேன், மறுக்காமத் தின்னணும். போதுமாம்" என்றாள். அப்புறம் முனியாண்டியிடம், "கோடவுன்ல முதல் தரமா இருக்கிறத எடுத்துட்டு வா, விக்கிறதுக்கு வச்சிருக்கிறத இல்ல, நல்லத" என்றாள்.

என் எதிரிலேயே சொன்னாள்.

மார்ச் 17, செவ்வாய்

கட்டு பிரித்தார்கள். ஓரம் ஒன்று கறுத்திருக்கிறது. டாக்டரம்மா கத்தரியால் கறுப்பை வெட்டி எடுத்தார். அடியில் வெளிறிக் கிடக்கிறது, தோல் உரித்த உளுந்து மாதிரி. அவர் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். எத்தனையோ வியாபாரிகள் முகத்தைப் படித்தவன். இந்த அம்மா முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

"அடுத்த செவ்வாய் முடிவு பண்ணிரலாம்."

பொன்னுத்தாய் இன்றைக்கும் சாப்பிடவில்லை. படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 19, வியாழன்

தவசிலிங்கம் அண்ணாச்சி பார்க்க வந்தார். நான் கிண்ணம் நிறையப் பருப்பை வழித்துத் தின்றுகொண்டிருந்தேன். மனிதர் பதறிவிட்டார்.

"ஏய், பச்சப் புண்ண வச்சுக்கிட்டுப் பருப்பா திங்க? சீழ் கட்டிரும்யா!"

"சீழ் ஏற்கெனவே கட்டி, ஒரு விரலக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு அண்ணாச்சி. அப்ப நான் தின்னது நீங்க சொன்ன ரசந்தான்."

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"நானும் நல்லதுக்குன்னுதான் கேட்டேன். உக்காருங்க, நீங்களும் ஒரு கிண்ணம் சாப்பிடுங்க."

உட்காரவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "கடைய என்ன செய்யப் போற, பாண்டி? யாருக்காவது விடுறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு" என்றார். அதுவும் நல்லதுக்குத்தான் இருக்கும். அண்ணனிடமும் இதே மாதிரி ஒருவர் வாசலில் நின்று கேட்டார்.

அவர் போன பிறகு இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கித் தின்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

மதியச் சாப்பாடு முடிந்து தட்டைத் தள்ளியதும் கை தானாக நின்றது. பழக்கம். செவ்வாய்க்கிழமைக்கு இப்போதே தயார் செய் என்று உடம்பு சொல்கிறது. ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டால் நம்பர் அழகாக வரும். ஒரே ஒரு தடவை. முடிவு பண்ணுகிற அன்றைக்கு மட்டும் நல்ல நம்பரைக் காட்டினால் அந்த அம்மாவுக்கும் மனம் இளகாதா?

இதை எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் தோன்றியது.

ராத்திரி சாப்பிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வந்து போனான். அவன் போனதும் ஊசியைப் போட்டுக்கொண்டு, இட்லியும் கெட்டிச் சாம்பாரும் கொண்டுவரச் சொன்னேன். பொன்னுத்தாய் வைத்துவிட்டு நின்றாள்.

"உனக்கும் எடுத்துக்கோ."

"இன்னைக்குச் செவ்வா."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். மூன்று செவ்வாயாக என் தட்டை நிரப்பிவிட்டுத் தன் தட்டைக் கவிழ்த்து வைக்கிறாள். நான் விரதம் இருப்பதாக நினைத்துத்தானே இவளும் பிடித்துக்கொண்டாள்? இன்றைக்குக் கால் போகுமோ இருக்குமோ, அதற்குள் இதையாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"பொன்னு, எனக்கு விரதமும் இல்ல, நேத்திக்கடனும் இல்ல. டாக்டர ஏமாத்தத்தான் பட்டினி கிடந்தேன். ஊசிக்குப் பயந்துக்கிட்டு. நீ அத நம்பி உடம்பக் கெடுத்துக்காத."

அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றினாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க சாப்பிட்டா தூக்குவாளி மூடியில கருவேப்பிலையை ஒதுக்கி வச்சிருப்பீக. கல்யாணம் ஆனதுல இருந்து அப்படித்தான். திங்கக்கிழமை மட்டும் மூடி பளிச்சுன்னு வந்துச்சு. முனியாண்டியக் கேட்டேன். அவன் முழிச்ச முழியிலயே தெரிஞ்சிருச்சு."

"அப்ப எங்கிட்டக் கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா கத்துவீக. கத்தி முடிச்சுட்டு அதையேதான் செய்வீக. டாக்டரம்மாகிட்ட, 'எங்க வீட்டுக்காரர் உங்கள ஏமாத்துறாரு'ன்னு நான் எப்படிச் சொல்ல? நாலு பேர் முன்னால தலை குனிஞ்சா அந்த ஆஸ்பத்திரி வாசலையே அப்புறம் மிதிக்க மாட்டீக. விரதம்னு சொன்னா உங்களுக்கும் குறைச்சல் இல்ல. அந்தம்மாவுக்கும் புரிஞ்சிரும்."

நாற்பது வருஷம் வியாபாரம் பண்ணியவன் நான். அவள் போட்ட கணக்கு எனக்குத் தட்டுப்படவே இல்லை.

"சரி, அதான் சொல்லியாச்சே. நீ ஏன் பட்டினி கிடக்க?"

"அம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன்ல" என்றாள். "சொன்ன விரதத்த யாராவது ஒருத்தர் இருக்கணுமில்ல. நீங்க திங்கணும். அப்ப நாந்தான் இருக்கணும்."

இட்லி ஆறிப்போயிற்று. அப்படியே தின்றேன். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை, கறிவேப்பிலை உள்பட.

ஆஸ்பத்திரியில் சீட்டு கைக்கு வந்தது. 146. அழகான நம்பர் இல்லை. தலைகுனிந்து நீட்டினேன். டாக்டரம்மா பார்த்தார். "இது நிஜமானதா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம்மா. நேத்து ராத்திரி சாப்பிட்டுட்டுத்தான் படுத்தேன்." அவர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது.

கட்டு பிரித்தார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன். பொன்னுத்தாய் பார்த்தாள். அவள் கை என் தோளில் இருந்தது. கம்பி தட்டில் கிணுங்கியது. அவர் கம்பியை எடுக்கிறார் என்று புரிந்தது. எனக்கு வலிக்காது என்பதால் உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்றும் தெரியாது. பொன்னுத்தாயின் விரல்கள் இறுகுவதை வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

விரல்கள் இறுகி, நின்று, தளர்ந்தன.

"ரத்தம் வருது" என்றார் டாக்டரம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ!"

"ஐயோ இல்ல ஐயா. நல்ல ரத்தம். தொட்டா ரத்தம் வந்தா உயிருள்ள சதைன்னு அர்த்தம். கம்பி எலும்பைத் தொடல. அடியில பூரா சிவப்பா முளைச்சிருக்கு, எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தேன். வெளிறிக் கிடந்த குழியில் செக்கச் செவேலென்று மணி மணியாக, மைசூர்ப் பருப்பைப் பரப்பிய மாதிரி.

"முழுசா மூட இன்னும் மாசக்கணக்கு ஆகும். சாப்பாட்ட விட்டா திரும்பக் கறுக்கும். ஆனா இப்போதைக்கு மேல வெட்டுற பேச்சு இல்ல."

பொன்னுத்தாய் டாக்டரைக் கும்பிடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

நேற்று பொன்னுத்தாய் அக்னிச்சட்டி எடுத்தாள். நான் வேண்டாம் என்றேன், உடம்பு தாங்காது என்றேன். "உங்க காலுக்கு இல்ல, என் வாய்க்கு" என்றாள். தெருவோரம் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் தீச்சட்டியோடு வெறுங்காலில் என்னைக் கடந்து போனாள். வெயிலில் தார் இளகிக் கிடந்தது. நான் அவள் பாதத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் தவசிலிங்கம் அண்ணாச்சி, "உன் விரதத்துக்கு அம்மன் கண்ணத் தொறந்துட்டா, பாண்டி. ஊரே பேசுது" என்றார். ஊர் வரைக்கும் போய்விட்டது போல. ஆமாம் என்றேன்.

இன்றைக்கு மதியம் முனியாண்டி புதுத் துவரை சாம்பிள் கொண்டு வந்தான். மேல்பருப்பைப் பார்க்காமல், "குத்தூசிய இறக்குனியா?" என்று கேட்டேன். இறக்கினதாகச் சொன்னான். பிறகு அவனை அனுப்பிவிட்டு, சமையல்கட்டைப் பார்த்து, "பொன்னு, உன் தட்டையும் எடுத்துட்டு வா" என்றேன்.

"இன்னைக்குச் செவ்வா."

"விரதம் நேத்தோட முடிஞ்சு போச்சு. நான் நேந்த விரதம், முடிக்கிறதும் நாந்தான்."

பிறகு தட்டை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

பருப்பை நானே ஊற்றினேன். முதலில் அவளுக்கு.